சூரியனிலிருந்து தொலைவும் கோள்களின் இயல்பும்: ஓர் எளிய விளக்கம்

பூமி ஆண்டிலேயே சூரியனுக்கு மிக நெருக்கமாக வருவது மார்கழி மாதத்தில்தான். ஜனவரி முதல் வாரத்தில், செட்டிநாட்டு வீடுகளின் முற்றத்துக் கல் சில்லிட்டுக் கிடக்கும் நாட்களில், நமக்கும் சூரியனுக்கும் உள்ள இடைவெளி சுமார் 14.71 கோடி கிலோமீட்டராகக் குறைகிறது. ஆனி மாதத்தில், ஜூலை முதல் வாரத்தில், அது சுமார் 15.21 கோடி கிலோமீட்டராகக் கூடுகிறது. சூரியன் கிட்டே வந்தால் வெயில், எட்டப் போனால் குளிர் என்ற எண்ணத்தோடு கோள்களைப் பற்றிப் படிக்கத் தொடங்கும் எவருக்கும் இந்த இரண்டு எண்களையே நான் முதலில் சொல்வேன். தொலைவு ஒரு கோளை எப்படி உருவாக்குகிறது என்று அறிய வேண்டுமானால், எது தொலைவின் வேலை, எது தொலைவின் வேலை அல்ல என்று முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும்.

பருவகாலம் தொலைவின் வேலை அல்ல. பூமியின் அச்சு 23.4 டிகிரி சாய்ந்திருப்பதால் வருவது அது. காரைக்குடி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 10 டிகிரியில் இருப்பதால், ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசி வாரத்திலும் நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சிக்கு வருகிறது. நட்டு வைத்த கம்பின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடுகிறது. டிசம்பர் கடைசியிலோ அதே நண்பகல் சூரியன் உச்சியிலிருந்து 33 டிகிரிக்கு மேல் தெற்கே சரிந்து நிற்கிறது, பகல் பொழுதும் குறுகிவிடுகிறது. ஆண்டுக்குள் தொலைவு கூடிக் குறைவதால் பூமிக்குக் கிடைக்கும் வெயிலில் ஏற்படும் வேறுபாடு சுமார் 7 விழுக்காடுதான். சாய்வின் விளைவுக்கு முன்னால் அது எடுபடுவதில்லை.

ஒரு கோளையும் இன்னொரு கோளையும் ஒப்பிடும்போது கதை மாறுகிறது. அங்கே வேறுபாடு சில விழுக்காடு அல்ல. புதனைவிட நெப்டியூன் 78 மடங்கு தள்ளி இருக்கிறது. இந்த விரிவை மனத்தில் வாங்கிக்கொள்ள, சூரியனைக் காரைக்குடி கொப்புடையம்மன் கோயிலடியில் வைத்து, பூமியின் சராசரித் தொலைவான 14.96 கோடி கிலோமீட்டரை ஒரு கிலோமீட்டராகச் சுருக்கிப் பார்க்கலாம். அந்த அளவில் சூரியன் 9 மீட்டருக்குச் சற்று மேற்பட்ட குறுக்களவுள்ள உருண்டையாக இருக்கும். புதன் 390 மீட்டரிலும் வெள்ளி 720 மீட்டரிலும் நிற்க, ஒரு கிலோமீட்டரில் பூமி எட்டரை சென்டிமீட்டர் உருண்டையாகவும், ஒன்றரைக் கிலோமீட்டரில் செவ்வாய் அதில் பாதியளவாகவும் அமையும். ஆக, பாறைக் கோள்கள் நான்கும் ஊருக்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. வியாழனைப் பார்க்கக் கோவிலூரைத் தாண்ட வேண்டும். சனிக்குக் குன்றக்குடி வரையும், யுரேனஸுக்குத் தேவகோட்டை வரையும் போக வேண்டும். நெப்டியூன் 30 கிலோமீட்டரில், திருமயத்தையும் கடந்து புதுக்கோட்டைச் சாலையில் எங்கோ இருக்கும். பாடநூல் படங்களில் எட்டுக் கோள்களையும் ஒரே பக்கத்தில் சம இடைவெளியில் வரைந்து காட்டுவதால் நாம் இழப்பது இந்த உணர்வைத்தான்.

சூரிய ஒளி எல்லாத் திசைகளிலும் பரவுகிறது. தொலைவு இரண்டு மடங்கானால் அதே ஒளி நான்கு மடங்கு பரப்பில் விரிய வேண்டியிருக்கிறது. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு பரப்பில். எனவே ஒரு சதுர மீட்டரில் விழும் வெயில் தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. பூமியின் காற்று மண்டலத்துக்கு மேலே, சூரியனுக்கு நேர் எதிரே பிடித்த ஒரு சதுர மீட்டரில் சுமார் 1361 வாட் ஆற்றல் விழுகிறது. புதனில் இது சராசரியாக 6.7 மடங்கு, வெள்ளியில் 1.9 மடங்கு. செவ்வாயில் நமக்குக் கிடைப்பதில் 43 விழுக்காடு, வியாழனில் 27-இல் ஒரு பங்கு, சனியில் 90-இல் ஒரு பங்கு, நெப்டியூனில் 900-இல் ஒரு பங்கு. இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. 2011-இல் ஏவப்பட்டு 2016-இல் வியாழனை அடைந்த ஜூனோ விண்கலத்தின் சூரியத் தகடுகள் பூமிக்கு அருகில் சுமார் 14,000 வாட் மின்சாரம் தரக்கூடியவை. வியாழனில் அவற்றால் சுமார் 500 வாட்தான் தர முடிந்தது. வகுத்துப் பார்த்தால் அதே 27-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். நெப்டியூனில் நண்பகல் கும்மிருட்டாக இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும்: 900-இல் ஒரு பங்கு என்றாலும், அந்த வெளிச்சம் நம் பௌர்ணமி நிலவொளியைப் போல ஏறத்தாழ 400 மடங்கு.

வெயில் 900 மடங்கு குறைந்தால் வெப்பநிலையும் அவ்வளவு குறையுமா? குறையாது. ஒவ்வொரு கோளும் வாங்கிய வெப்பத்தை அகச்சிவப்புக் கதிராக வெளியே விட்டுக்கொண்டே இருக்கிறது. வரவும் செலவும் சமமாகும் வெப்பநிலையில் அது நிலைபெறுகிறது. ஒரு பொருள் வெளிவிடும் வெப்பக் கதிர், அதன் கெல்வின் வெப்பநிலையின் (மைனஸ் 273 டிகிரி செல்சியஸைச் சுழியமாகக் கொண்டு எண்ணும் அளவு) நான்காம் அடுக்குக்கு ஏற்ப ஏறி இறங்குவதால், சிறிது குளிர்ந்தாலே செலவு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. கணக்கிட்டால், வெப்பநிலை தொலைவின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் குறைகிறது. பூமிக்கு இப்படிக் கணக்கிட்டு வரும் வெப்பநிலை 255 கெல்வின், அதாவது மைனஸ் 18 டிகிரி செல்சியஸ். நெப்டியூன் 30 மடங்கு தொலைவில் இருக்கிறது. 30-இன் வர்க்கமூலம் ஏறத்தாழ 5.5, 255-ஐ அதனால் வகுத்தால் 46 கெல்வின், ஏறத்தாழ மைனஸ் 227 டிகிரி.

மைனஸ் 18 டிகிரி என்பது நாம் வாழும் பூமியின் வெப்பநிலை அல்ல. பூமியின் உண்மையான சராசரி சுமார் 15 டிகிரி. இடையில் உள்ள 33 டிகிரியைத் தருவது காற்று. அதில் உள்ள நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் தரையிலிருந்து மேலே கிளம்பும் வெப்பக் கதிரின் ஒரு பகுதியைப் பிடித்துத் தரைக்கே திருப்பி அனுப்புகின்றன. இதன் ஒரு சிறு சாட்சியம் செட்டிநாட்டில் ஒவ்வோர் ஆண்டும் கிடைக்கிறது: தை மாதத்தில் வானம் துடைத்துவிட்டாற்போல் இருக்கும் இரவுகளில் பனி கொட்டுகிறது, விடியலில் உடல் நடுங்குகிறது, மேகம் மூடிய இரவுகளில் அந்தக் குளிர் இல்லை. சூரியன் இரண்டு இரவுகளிலும் ஒரே தொலைவில்தான் இருக்கிறது; தரையின் வெப்பம் வெளியேற வழி இருந்ததா இல்லையா என்பது மட்டுமே வேறுபாடு. இதைவிடத் தெளிவான சாட்சி நிலா. பூமியும் நிலாவும் சூரியனிலிருந்து ஒரே தொலைவில் இருக்கின்றன. ஆனால் காற்றில்லாத நிலாவின் நடுப்பகுதியில் நண்பகலில் 120 டிகிரி வரை ஏறும் வெப்பநிலை, இரவில் மைனஸ் 130 டிகிரிக்கு இறங்குகிறது.

இந்த இடத்தில் புதனையும் வெள்ளியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பது மிகவும் பயனுள்ளது. சூரியனுக்கு மிக அருகில் உள்ள புதனில் பகலில் சுமார் 430 டிகிரி. இரவில் மைனஸ் 180 டிகிரி. அங்கே ஒரு விடியலுக்கும் அடுத்த விடியலுக்கும் இடையில் 176 பூமி நாட்கள் ஆவதால், தரை காய்வதற்கும் குளிர்வதற்கும் தாராளமாக நேரம் இருக்கிறது. வெப்பத்தைப் பிடித்து வைக்கவோ இரவுப் பக்கத்துக்குக் கொண்டுபோகவோ காற்று இல்லை. 2011 முதல் 2015 வரை புதனைச் சுற்றிய மெசஞ்சர் விண்கலம், வெயிலே எட்டாத துருவப் பள்ளங்களில் பனிக்கட்டி இருப்பதற்கு வலுவான சான்று தந்தது. சூரியனுக்கு மிக அருகில் உள்ள கோளில் பனிக்கட்டி என்பதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை.

வெள்ளியோ புதனைப் போல ஏறத்தாழ இரு மடங்கு தொலைவில் இருக்கிறது. இருந்தும் இரவு பகல் என்றில்லாமல், துருவம் நடுக்கோடு என்றில்லாமல், எங்கும் 465 டிகிரி. இதில் இன்னொரு முரண்பாடும் உண்டு. வெள்ளியை மூடியிருக்கும் கந்தக அமில மேகங்கள் விழும் வெயிலில் முக்கால் பங்கைத் திருப்பி அனுப்பிவிடுவதால், அது உள்ளே வாங்கும் சூரிய ஆற்றல் பூமி வாங்குவதைவிடக் குறைவு. அப்படியிருந்தும் ஈயம் உருகும் சூட்டில் அது இருப்பதற்குக் காரணம், பூமியின் காற்றழுத்தத்தைப் போல 90 மடங்குக்கு மேல் அழுத்தம் கொண்ட, 96 விழுக்காட்டுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடாலான அதன் காற்று மண்டலம். 1982-இல் அங்கே இறங்கிய சோவியத் நாட்டின் வெனரா 13 கலம் 127 நிமிடங்கள் தாக்குப்பிடித்ததே பெரிய சாதனையாகப் போற்றப்படுகிறது.

அப்படியானால் வெள்ளியின் நிலைக்கும் தொலைவுக்கும் தொடர்பே இல்லையா? இருக்கிறது, ஆனால் அது மறைமுகமானது. பூமியைவிடச் சற்றே நெருக்கமாக இருந்ததால் வெள்ளியில் நீர் ஆவியாக மேலேறியது. நீராவியே வெப்பத்தைப் பிடிக்கும் வாயு என்பதால் சூடு கூடியது. சூடு கூடக்கூட மேலும் நீர் ஆவியானது. உயரே போன நீராவியைச் சூரியனின் புற ஊதாக் கதிர் உடைக்க, இலேசான ஹைட்ரஜன் விண்வெளியில் கலந்துவிட்டது. இதுவே பரவலாக ஏற்கப்படும் விளக்கம். வெள்ளியின் காற்றில் கனத்த ஹைட்ரஜனான டியூட்டீரியத்தின் விகிதம் பூமியில் இருப்பதைவிட 100 மடங்குக்கு மேல் இருப்பது, இலேசானது தப்பிப் போய்க் கனத்தது தங்கிவிட்டதற்குச் சான்று. பூமியில் கடல் இருந்ததால் கார்பன் டை ஆக்சைடு நீரில் கரைந்து சுண்ணாம்புக் கல்லாகப் படிந்தது. வெள்ளியில் அதற்கு வழி அடைபட்டுவிட்டது. தொலைவில் இருந்த சிறிய வேறுபாட்டை நீர் என்ற ஒரு பொருள் இவ்வளவு பெரிதாக்கிவிட்டது.

செவ்வாய் எதிர்ப்பக்கத்து எடுத்துக்காட்டு; சராசரி வெப்பநிலை மைனஸ் 60 டிகிரியை ஒட்டியது. ஆனால் அதன் குளிரை முழுவதும் தொலைவின் மேல் ஏற்றுவது நியாயம் அல்ல. பூமியின் எடையில் பத்தில் ஒரு பங்கே உள்ள அந்தச் சிறிய கோள், தன் காந்தப்புலத்தையும் காற்றின் பெரும்பகுதியையும் இழந்துவிட்டது. இன்று அங்கே காற்றழுத்தம் நம்முடையதில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. கோடை முழுவதும் நம் ஊருணியில் தாக்குப்பிடிக்கும் தண்ணீரைச் செவ்வாயின் தரையில் ஊற்றினால், ஒரு பக்கம் கொதித்து ஆவியாகும், மறுபக்கம் உறைந்து போகும். ஆறுகள் ஓடிய தடம் அங்கே இருக்கிறது என்பதால், அதே தொலைவில் அடர்ந்த காற்றோடு இருந்த காலத்தில் செவ்வாய் வேறு மாதிரி இருந்திருக்கிறது என்று தெரிகிறது.

காற்றைக் கோளிடம் தங்க வைப்பதிலும் தொலைவுக்குப் பங்கு உண்டு. இதை எளிய விளக்கங்களில் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். சூட்டில் வாயு மூலக்கூறுகள் வேகமாகப் பறக்கின்றன. ஈர்ப்பு குறைந்த கோளிலிருந்து எளிதில் தப்பிவிடுகின்றன. குளிரில் அவை மந்தமாகி அங்கேயே தங்குகின்றன. சனியைச் சுற்றும் டைட்டன் என்ற நிலாவின் எடை புதனின் எடையில் பாதிகூட இல்லை. ஆனாலும் மைனஸ் 179 டிகிரிக் குளிரில் இருக்கும் அது, பூமியின் காற்றைவிட ஒன்றரை மடங்கு அழுத்தமுள்ள நைட்ரஜன் போர்வையைக் காத்து வைத்திருக்கிறது. புதனிடம் சொல்லத்தக்க காற்று இல்லை.

இனி ஆண்டின் நீளம். இதில் தொலைவின் ஆட்சி முழுமையானது. தொலைவு கூடக்கூடச் சுற்றுப்பாதையும் நீள்கிறது, சூரியனின் ஈர்ப்பு தளர்வதால் கோளின் வேகமும் குறைகிறது. புதன் நொடிக்கு சுமார் 48 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது, பூமி 30, நெப்டியூன் 5.4. கோளின் ஆண்டை இரண்டு முறை எழுதிப் பெருக்கினால் வரும் எண்ணும் (வர்க்கம்), அதன் தொலைவை மூன்று முறை எழுதிப் பெருக்கினால் வரும் எண்ணும் (கனம்), பூமியை அலகாகக் கொண்டால் சமம் என்று யோகான்னஸ் கெப்ளர் 1619-இல் வெளியிட்டார். வியாழனின் தொலைவு 5.2; மூன்று முறை பெருக்கினால் 140.6, அதன் வர்க்கமூலம் 11.86 ஆண்டுகள். சனிக்கு இதே கணக்கு ஏறத்தாழ 29.5 ஆண்டுகளைத் தரும்.

தமிழ்நாட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்த எண்கள் புதியவை அல்ல. பன்னிரண்டு ராசிகளையும் வியாழன் ராசிக்கு ஏறத்தாழ ஓராண்டாகக் கடப்பதால்தான் ஆண்டுதோறும் குருப் பெயர்ச்சி வருகிறது. சனி ராசிக்கு இரண்டரை ஆண்டு எடுப்பதால் அதன் பெயர்ச்சி அந்த இடைவெளியில் வருகிறது. முப்பது ஆண்டு வாழ்ந்தவனும் இல்லை, முப்பது ஆண்டு தாழ்ந்தவனும் இல்லை என்ற பழமொழியில் இருப்பது சனியின் ஒரு சுற்று. வியாழன் ஐந்து சுற்றும் சனி இரண்டு சுற்றும் முடிக்க ஆகும் காலம் ஏறத்தாழ அறுபது ஆண்டு. தொலைநோக்கி இல்லாத காலத்தில் வெறும் கண்ணால் பல தலைமுறைகள் பார்த்துக் குறித்து வைத்த இந்தக் காலங்கள், கெப்ளரின் விதியின் வழியாக, அந்தக் கோள்கள் எவ்வளவு தள்ளி இருக்கின்றன என்பதற்கான அளவுகோலாகவே மாறிவிடுகின்றன. 1846 செப்டம்பரில் கண்டறியப்பட்ட நெப்டியூன், அதன் பிறகு தன் முதல் சுற்றை முடித்தது 2011-இல்தான்.

வெப்பம், ஆண்டு ஆகிய இரண்டைப் பற்றியுமே பெரும்பாலும் பேசுகிறோம். ஆனால் தொலைவின் மிகப் பெரிய செயல் இவை இரண்டும் அல்ல என்பது என் துணிபு. கோள் எந்தப் பொருளால் ஆனது என்பதைத் தொலைவு தீர்மானித்தது. அது சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன், கோள்கள் உருவான போதே நடந்து முடிந்துவிட்டது.

இளம் சூரியனைச் சுற்றிலும் வாயுவும் தூசியும் கலந்த ஒரு தட்டு சுழன்றுகொண்டிருந்தது. அதில் பெரும்பகுதி ஹைட்ரஜனும் ஹீலியமும். பாறையாகவும் உலோகமாகவும் ஆகக்கூடிய பொருள் மொத்த எடையில் ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு. சூரியனுக்கு அருகே இருந்த சூட்டில் திடமாக நிற்கக்கூடியவை அந்தப் பாறைத் துகளும் உலோகத் துகளும் மட்டுமே. நீர் ஆவியாகவே இருந்தது. எனவே உட்புறத்தில் உருவான கோள்கள் கிடைத்த கொஞ்சப் பொருளில் சிறியனவாகவும் கெட்டியாகவும் உருவாயின. சூரியனிலிருந்து பூமியின் தொலைவைப் போல ஏறத்தாழ 2.7 மடங்கு தள்ளி, இன்றைய செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையில், நீர் பனிக்கட்டியாக உறையும் ஓர் எல்லை இருந்தது. அதைப் பனிக்கோடு என்று அழைக்கிறார்கள். அதற்கு அப்பால் பாறையோடு பனிக்கட்டியும் திடப்பொருளாகக் கிடைத்ததால், அங்கே உருவான கருக்கள் விரைவாகப் பருத்தன. பூமியைப் போலப் பத்து மடங்கு அளவுக்கு எடை ஏறியதும், சுற்றியிருந்த ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் ஈர்த்து விழுங்கத் தொடங்கின. வியாழன் பூமியைப் போல 318 மடங்கு எடை கொண்டதானது இப்படித்தான். பூமியின் சராசரி அடர்த்தி நீரைப் போல 5.5 மடங்கு; வியாழனுடையது 1.3 மடங்கு, சனி நீரைவிடவும் அடர்த்தி குறைந்தது.

இதே நிகழ்வின் சிறிய வடிவத்தை வியாழனின் நிலாக்களில் காணலாம். கலிலியோ 1610-இல் கண்ட நான்கு நிலாக்களையும் வியாழனிலிருந்து வெளிநோக்கி வரிசைப்படுத்தினால், ஐயோவின் அடர்த்தி நீரைப் போல 3.5 மடங்கு, யூரோப்பா 3.0, கேனிமீட் 1.9, காலிஸ்டோ 1.8. புதிதாகப் பிறந்த வியாழன் கொதித்துக்கொண்டிருந்ததால் அருகே பாறை மிஞ்சியது, தள்ளிப் பனிக்கட்டி சேர்ந்தது என்று இதற்கு விளக்கம் தருகிறார்கள்.

வெளிப்புறக் கோள்களில் சூரியனின் பிடி எவ்வளவு தளர்ந்துவிடுகிறது என்பதற்கு நெப்டியூன் நல்ல சாட்சி. மேலே கணக்கிட்ட 46 கெல்வினுக்குப் பதிலாக அது வெளிவிடும் வெப்பம் 59 கெல்வின் அளவில் இருக்கிறது; சூரியனிடமிருந்து வாங்குவதைப் போல இரண்டரை மடங்குக்கு மேல் வெளியே விடுகிறது. மிச்சம் உள்ளிருந்து வருவது, உருவான காலத்து வெப்பம். மணிக்கு 2000 கிலோமீட்டரை எட்டும் அதன் காற்றுகளுக்கு அந்த வெப்பமும் துணை நிற்கிறது. அதைவிடச் சூரியனுக்கு வெகுவாக நெருங்கிய யுரேனஸ், உள்வெப்பத்தை மிகக் குறைவாகவே வெளிவிடுவதால், நெப்டியூனுக்கு ஒப்பான குளிரில் இருக்கிறது. கோள்களின் காற்று மண்டலங்களில் அளக்கப்பட்ட மிகக் குறைந்த வெப்பநிலையான மைனஸ் 224 டிகிரி யுரேனஸில்தான் பதிவாயிற்று.

சூரியக் குடும்பத்துக்கு வெளியே பார்க்கத் தொடங்கிய பிறகு இந்த விதிகள் இன்னும் கூர்மையாயின. 1995-இல் மிஷேல் மயோர், டிடியே கெலோ இருவரும் அறிவித்த 51 பெகாசி பி என்ற கோள், வியாழனைப் போன்ற வாயுக் கோளாக இருந்தும் தன் விண்மீனை நான்கு நாட்களுக்குச் சற்றே கூடுதலான காலத்தில் சுற்றிவிடுகிறது. அவ்வளவு நெருக்கத்தில் அது உருவாகியிருப்பது கடினம். தொலைவில் பிறந்து பிறகு உள்நோக்கி நகர்ந்திருக்க வேண்டும் என்பதே பெரும்பாலானோர் கருத்து. ஆகவே பிறந்த தொலைவு, இன்று இருக்கும் தொலைவு என்று இரண்டையும் தனித்தனியே கேட்க வேண்டியிருக்கிறது: முன்னது கோளின் பொருளைச் சொல்லும், பின்னது அதன் வெயிலைச் சொல்லும்.

தொலைவை எந்த விண்மீனிலிருந்து அளக்கிறோம் என்பதும் முக்கியம். டிராப்பிஸ்ட்-1 என்ற மங்கிய, சிறிய சிவப்பு விண்மீனைச் சுற்றும் ஏழு கோள்களும், நம் புதன் சூரியனுக்கு இருப்பதைவிட மிக நெருக்கமாகத் தங்கள் விண்மீனை ஒட்டிச் சுற்றுகின்றன; அந்த விண்மீன் அவ்வளவு மங்கலானது என்பதால் அவற்றுள் சில, நீர் திரவமாக இருக்கக்கூடிய அளவு வெயிலையே பெறுகின்றன. அங்கே காற்று இருக்கிறதா என்று அறிவதற்கும் தொலைவே முதல் கருவி. வெறும் பாறையாக இருந்தால் இந்தத் தொலைவில் பகல் பக்கம் இவ்வளவு சூடாக வேண்டும், காற்று இருந்தால் அந்தச் சூடு இரவுப் பக்கத்துக்கும் பரவிக் குறைய வேண்டும் என்று கணக்கிட்டு, பிறகு தொலைநோக்கியால் அளக்கிறார்கள். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி 2023-இல் அந்த ஏழில் மிக உள்ளே இருக்கும் கோளின் பகல் பக்கத்தை அளந்தபோது சுமார் 230 டிகிரி இருந்தது; அது காற்றில்லாத வெறும் பாறைக்குப் போட்ட கணக்கோடு பொருந்துகிறது. குடியிருக்கத் தக்க தொலைவில் உள்ள வெளிக் கோள்களுக்கு இதே சோதனையைச் செய்வது இன்னும் கடினம். அவை குளிர்ந்தவை என்பதால் அவற்றிடமிருந்து வரும் வெப்பக் கதிர் அவ்வளவு மெல்லியது.